மருந்தக்கா சொல்லாமல் விட்டது

கடைத்தெருவின் கோடியில் விதையும் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடையை இருபத்திரண்டு வருடமாக நடத்தி வந்தவளை எல்லோரும் மருந்தக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கடித்துத் துளைத்த இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தால் போதும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு தடவை பார்ப்பாள். பின்னால் திரும்பாமலே அலமாரியில் கையை விட்டு ஒரு புட்டியை எடுத்து வைப்பாள். கை தவறி வேறு புட்டியை எடுத்ததாக ஒரு நாளும் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை மதியம் பம்பு மெக்கானிக் வந்தான். மோட்டார் பம்பு பழுது பார்ப்பது அவன் தொழில். ஊருக்கு வெளியே கையகலத்தில் ஒரு நிலமும் இருந்தது. அந்த வருடம் மக்காச்சோளம் நன்றாக விளைந்து பன்னிரண்டு மூட்டை வீட்டுக்கு வந்திருந்தது. வீடு என்றால் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. மூட்டைகளை அறையில் அடுக்கிவிட்டு, அவனும் மனைவியும் ஆறு வயது மகளும் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள்.

"அக்கா, சோளத்துல வண்டு விழுந்துடுச்சு. மூட்டைக்குக் கீழே மாவா கொட்டிக் கிடக்கு. ஏதாவது குடுங்க."

அன்று கடையில் நிற்க இடமில்லை. வயல்களில் புழு இறங்கியிருந்த சமயம். தெளிப்பு மருந்து கேட்டு ஆளுக்கு ஆள் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தானியத்துக்கு வைக்கிற மாத்திரையை டப்பா டப்பாவாகத்தான் விற்க வேண்டும், அதுவும் அதில் பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று சட்டம் இருக்கிறது. வீட்டில் பத்துப் பன்னிரண்டு மூட்டை வைத்திருப்பவர்களுக்கு உதிரியாகக் கொடுப்பதை எல்லாக் கடையிலும் செய்தார்கள், அவளும் செய்தாள். நோட்டுத் தாளில் நாலு மாத்திரையை மடித்துக் கொடுத்தாள்.

உதிரியாகக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்வது அவள் வழக்கம். வெறுங்கையால் தொடாதீர்கள். ஈரம் படவிடாதீர்கள். மாத்திரை வைத்த அறையிலோ, அதை ஒட்டிய அறையிலோ யாரும் படுக்காதீர்கள், அதிலிருந்து வருகிற புகை வண்டை மட்டும் கொல்லாது, ஆளையும் கொல்லும். அன்று முதல் இரண்டையும் சொன்னாள். மூன்றாவதற்கு வாயைத் திறக்கும்போது போன் அடித்தது. சரக்கு லாரி வழியில் நின்றுபோன செய்தி. பேசிவிட்டு நிமிர்ந்தபோது மெக்கானிக் போயிருந்தான். அவன் நின்ற இடத்தில் வேறு ஒருவர் இலையோடு நின்றார்.

மெக்கானிக் அன்று சாயந்திரமே மாத்திரைகளை மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடி, அறைக் கதவைச் சாத்தினான். அப்புறம் ஒரு பம்பு வேலைக்காகப் பக்கத்து ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து இருந்தது. மகளின் பாய் கதவோரம் விரித்திருந்தது.

காலையில் தாயும் மகளும் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். தாய் பிழைத்தாள். குழந்தை அன்று மதியமே போய்விட்டது.

*

போலீஸ் ஸ்டேஷனில் மருந்தக்காவை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரோரம் பெஞ்சில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் தாடி. கைகளை முழங்காலுக்கு நடுவில் செருகியிருந்தான். வரும் வழியெல்லாம் அவள் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பஸ் டிரைவர். பேச்சில் எப்போதும் அவசரம் இருக்காது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூட ஒரு வார்த்தை வேணாம்."

அதிகாரி கேட்டார். "பக்கத்துல யாரும் படுக்கக்கூடாதுன்னு இவர்கிட்ட எடுத்துச் சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன்" என்றாள். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. ஆயிரம் பேரிடம் சொன்ன வாய், தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் போன் அடித்ததும் நிமிர்ந்து பார்த்ததும் நினைவுக்கு வந்தன. வாயைத் திறக்கலாமென்று பார்த்தாள். கணவர் வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "சொன்னாங்களா?"

மெக்கானிக் தலையைத் தூக்கவில்லை. "சொல்லியிருப்பாங்க சார்."

எழுதிக்கொண்டிருந்தவர், 'சொன்னார்' என்று எழுதினார். வீட்டில் நடந்த கவனக்குறைவு என்று விஷயம் முடிந்தது. மாத்திரையை உதிரியாக விற்கக் கூடாது என்று கடைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். அவள் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். அன்று சாப்பாட்டில் கை வைத்தாள், பிசைந்தாள், எழுந்து கழுவிவிட்டு வந்தாள்.

*

இரண்டு மாதம் கழித்து மெக்கானிக்கின் மனைவி கடைக்கு வந்தாள். வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கையும் பள்ளிக்கூடச் சட்டையும் தைப்பவள். அவளைத் தையல்காரி என்றால்தான் தெரியும். தோளில் அளவு நாடா தொங்கியது. மெலிந்திருந்தாள். கடையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள்.

மடித்த துணியைப் பிரித்து ஒரு பிடி சோளத்தை மேசைமேல் கொட்டினாள். பாதி மணியில் ஊசிக்குத்துப் போல ஓட்டை. நாலைந்து வண்டுகள் மேசையில் ஓடின.

"மறுபடியும் வந்துடுச்சு அக்கா. பன்னெண்டு மூட்டையும் அப்படியேதான் இருக்கு. புள்ளைக்குன்னு சொல்லி விதைச்சது அது. தூக்கிப் போட மனசு வரல. மருந்து வேணாம். இனி அந்த வீட்டுக்குள்ள மருந்து வராது. மருந்தில்லாம என்ன பண்றது, சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எந்தப் பூச்சிக்கு எந்தப் புட்டி என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. புட்டி இல்லாமல் என்ன செய்வது என்று கேட்டால், எல்லோரும் சொல்வதைத்தான் அவளாலும் சொல்ல முடிந்தது.

"வேப்பிலைய நிழல்ல காய வச்சு மூட்டைக்கு நடுவுல போட்டுப் பாரு தங்கச்சி."

தையல்காரி தலையாட்டிவிட்டுப் போனாள். இருபது நாளில் திரும்பி வந்தாள். இந்த முறை ஒரு கிண்ணத்தைக் கொண்டு வந்திருந்தாள். அதில் சோளத்தைவிட வண்டும் மாவும்தான் அதிகம். கிண்ணத்தின் விளிம்பில் ஏறிய வண்டை விரலால் உள்ளே தள்ளினாள்.

"வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிட்டீங்களா அக்கா?"

குரலில் கோபம் இல்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாதவள் போலக் கேட்டாள். மருந்தக்கா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் கேட்டுட்டு வரேன்" என்றாள். "கேட்டுட்டு உன் வீட்டுக்கே வரேன்."

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு இரண்டு பஸ் மாறி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள். அங்கே தானியப் பூச்சிகளைப் பார்க்கிற ஒரு அம்மாள் இருந்தார். பூச்சி டாக்டர் என்று வாசலில் நின்ற காவலாளியே சொன்னார். அவர் அறையில் நாற்காலியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கண்ணாடிச் சீசாக்கள். சீசாக்களுக்குள் வண்டுகள் சௌகரியமாகத் தின்றுகொண்டிருந்தன.

"நீங்கதானா மருந்தக்கா? எங்ககிட்ட ஒருத்தரும் சந்தேகம் கேக்க வர்றதில்ல. ஏன்னு கேட்டா மருந்தக்கா சொல்லிட்டாங்கம்பாங்க. இன்னிக்கு நீங்களே வந்திருக்கீங்க. உட்காருங்க."

மருந்தக்கா பையிலிருந்து எடுத்த கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் கேலியை நிறுத்தினார். ஒரு மணியை எடுத்துப் பிளேடால் பிளந்து காட்டினார். உள்ளே வெள்ளையாக, அரிசி முனை அளவு ஒரு புழு சுருண்டு கிடந்தது.

"வெளிய ஓடுறதைப் பார்த்துட்டு அவ்வளவுதான்னு நினைக்கிறோம். முட்டை வைக்கிறது, வளர்றது எல்லாம் மணிக்குள்ள. வேப்பிலை தப்பில்ல. புதுசா வர்றதைக் கொஞ்சம் விலக்கி வைக்கும். ஏற்கெனவே உள்ள குடியிருக்கிறதை அது என்ன பண்ணும்? அதுவும் சோளம் சரியாக் காயலன்னா, இதுங்களுக்குக் கொண்டாட்டம்."

"காஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும் மேடம்? கடிச்சுப் பார்த்தா கடக்குன்னு சத்தம் வருதுன்னாங்க."

"பல்லை நம்பாதீங்க. உப்பை நம்புங்க."

சொல்லிக் கொடுத்தார். ஈரமில்லாத சீசாவில் கால் பங்கு நன்றாகக் காய்ந்த உப்பு, அதோடு பாதிவரை சோளம் போட்டு மூடிக் குலுக்க வேண்டும். கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தால், உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒட்டாமல் கீழே உதிர்ந்தால் காய்ந்தது. காய்ந்ததைச் சலித்து, பழைய சாக்கைத் தொடாமல், காற்றுப் புகாத டிரம்மில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடிவிட வேண்டும்.

"அதுக்குள்ள இருக்கிற வண்டும் புழுவும் மூச்சு விட்டாகணுமில்லையா? இருக்கிற காத்த அதுங்களே தீர்த்துடும். தீர்ந்ததும் அதுங்க கதையும் முடிஞ்சுது. ஒரு மாசம் திறக்கக் கூடாது. ஆசைக்குக்கூடத் திறந்து பார்க்கக் கூடாது. மூடி இறுக்கமா இருக்கணும், அதுதான் முக்கியம்."

புறப்படும்போது ஓட்டை ஓட்டையாகத் துளைத்த ஒரு குழாயையும் கொடுத்தார். மூட்டைக்குள் குத்தி வைத்தால் வண்டுகள் ஓட்டை வழியாக உள்ளே விழும். எடுத்து எண்ணினால் மூட்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும்.

மருந்தக்கா வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள். "இது இத்தனை வருஷமாத் தெரியுமா மேடம்?"

"தெரியும். கேக்க ஆளில்ல. போய்ச் சொல்ல எங்ககிட்ட வண்டியில்ல." அவர் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டார். "எங்க தப்பும் இருக்கு."

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்தக்கா சல்லடையும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போனாள். அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. மூட்டைகள் சாய்ந்திருந்த சுவரில், பென்சிலால் கிழித்த சின்னச் சின்னக் கோடுகள். குழந்தையின் உயரம் அளந்தவை. பார்க்காதவள் போல மூட்டையைப் பிடித்து இழுத்தாள்.

முற்றத்தில் மூட்டைகளைப் பிரித்து விரித்தார்கள். ஒருத்தி சலித்தாள், ஒருத்தி துழாவினாள். வெயில் ஏற ஏற வண்டுகள் தார்ப்பாயின் ஓரத்தைப் பார்த்து ஓடின. தையல்காரி அவற்றை ஒரு சோப்புத் தண்ணீர்ச் சட்டிக்குள் கூட்டித் தள்ளினாள். பழைய சாக்குகளைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினார்கள். அறையின் மூலைகளில் துடைப்பக் குச்சியால் நோண்டி, சந்துகளில் ஒளிந்திருந்த மாவை எல்லாம் எடுத்துக் கொளுத்தினார்கள். உப்புச் சீசாவைக் குலுக்கிப் பார்த்தால், முதல் நாள் கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளும் ஒட்டியது. மூன்றாம் நாள் சாயந்திரம் உப்பு பொலபொலவென்று கீழே உதிர்ந்தது. தையல்காரி சீசாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

மெக்கானிக் அந்தப் பக்கம் வரவே இல்லை. அவன் தன் பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறான் என்று அப்போதுதான் மருந்தக்காவுக்குத் தெரிந்தது.

"எதுக்கு வரணும்?" என்றாள் தையல்காரி. சோளத்தைத் துழாவுகிற கை நிற்கவில்லை. "நீங்க சொல்லியிருக்கீங்க. அவர் ஒரு வார்த்தை வீட்டுல வந்து சொல்லியிருந்தா நான் பாயை வாசல்ல போட்டிருப்பேன். சொல்லியும் காதுல வாங்காத மனுஷன். அவர் முகத்தைப் பார்த்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது."

மருந்தக்கா சல்லடையைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னீங்க அக்கா, அன்னிக்கு? எந்த வார்த்தையால சொன்னீங்க? எனக்கு அதைக் கேக்கணும்."

சொல்லிவிட வேண்டிய இடம் அது. மருந்தக்காவுக்கே அது தெரிந்திருந்தது. எதிரே அந்தப் பெண்ணின் முகம், சோளத் தூசி அப்பிய இமைகள். "ரூம்லயும் சரி, பக்கத்துலயும் சரி, யாரும் படுக்காதீங்க தம்பின்னு சொன்னேன்" என்றாள். இந்தத் தடவை வாய் தானாகச் சொல்லவில்லை. அவளே யோசித்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

தையல்காரி அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உதடு அசைந்தது. பிறகு மறுபடியும் துழாவத் தொடங்கினாள்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே கேட்டார்.

"இப்ப சொன்னா அந்தப் புள்ள திரும்பி வந்துடுமா?"

"வராது."

"கடை போயிடும். கேஸு வரும். அவங்களுக்கு நல்லது பண்ணணும்னா பண்ணு, வேணாங்கல. சலிச்சுக் குடு, காய வச்சுக் குடு. பழசைக் கிளறாதே."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நாலு நாள் அதை மென்று முழுங்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தாள்.

*

டிரம் வாங்கியாகிவிட்டது. ஆறு டிரம்மில் இரண்டுக்குத்தான் மூடி இறுக்கமாக உட்கார்ந்தது. மற்றவற்றைத் தட்டிச் சரிசெய்து, விளிம்புக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். அதற்கு மெக்கானிக்கைவிட்டால் ஆளில்லை. தையல்காரி கேட்க மாட்டாள். மருந்தக்காதான் பட்டறைக்குப் போனாள்.

பட்டறையில் பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவில் ஒரு மடக்குக் கட்டில். கயிற்றில் இரண்டு சட்டை. அவளைப் பார்த்ததும் மெக்கானிக் எழுந்து, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

"உட்காருங்க அக்கா. டிரம்மை இங்க அனுப்பிடுங்க. பழைய டியூபை வெட்டி வளையம் பண்ணிடலாம். காத்து என்ன, மூச்சுகூடப் போகாது."

சொன்ன பிறகு அந்தச் சொல்லே அவனைச் சுட்டது போல நிறுத்தினான். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான், திரும்ப எடுத்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் அக்கா. தப்பா நினைக்காதீங்க."

"கேளுங்க தம்பி."

"அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு ஞாபகமே வரல. கையால தொடாதேன்னீங்க, அது ஞாபகம் இருக்கு. ஈரம் படக்கூடாதுன்னீங்க. மூணாவதா சொன்னது மட்டும் வரல. தினம் உட்கார்ந்து யோசிக்கிறேன். கடை வாசல்ல செருப்பை எங்க விட்டேன்னுகூடச் சொல்லுவேன், அது மட்டும் வர மாட்டேங்குது. அப்போ என் நெனப்பு எங்க இருந்துச்சு? எதைப் பார்த்துக்கிட்டு நின்னேன்? அது தெரிஞ்சா போதும். அவகிட்ட போய், இதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், அதனாலதான் காதுல விழலன்னாவது சொல்லலாம்."

மருந்தக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வராது தம்பி" என்றாள். "நான் சொல்லல."

அவன் புரியாமல் பார்த்தான்.

"மூணாவதை நான் சொல்லல. போன் வந்துச்சு. பேசிட்டுத் திரும்பினேன், நீங்க போயிட்டீங்க. கூப்பிட்டு நிறுத்தல. ஸ்டேஷன்ல சொன்னது பொய். உங்க வீட்டுக்காரிகிட்ட சொன்னதும் பொய்."

மெக்கானிக் அவளைத் திட்டவில்லை. ஸ்பேனரை மேசைமேல் நேராக வைத்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. மூடிய கைக்குள்ளிருந்தே கேட்டான்.

"அப்ப நான் கேக்காம இல்லையா?"

"இல்ல தம்பி. கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

அங்கிருந்து நேராகத் தையல்காரி வீட்டுக்கு நடந்தாள். நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று வழியில் யாரோடும் பேசவில்லை. தையல்காரி மெஷினில் இருந்தாள். சொல்லி முடிக்கும்வரை கால் பெடலை விட்டு இறங்கவில்லை. முடிந்ததும் துணியை ஊசியிலிருந்து எடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"முற்றத்துல கேட்டேனே அக்கா. நானாக் கேட்டேனே."

"கேட்டே."

"அப்பவும் சொன்னீங்களே. அந்த வார்த்தைய வச்சுக்கிட்டு நான் அவரை மனசுக்குள்ள என்னென்ன பேசினேன் தெரியுமா? இனிமே அதை யாரு எடுக்கறது?"

தையல்காரி கையிலிருந்த துணியை மடித்தாள்.

"எழுந்து போங்க அக்கா."

*

ஸ்டேஷனில் அதே அதிகாரி இருந்தார். "முடிஞ்சுபோன விஷயம். நீங்களா வந்து ஏம்மா தலையக் குடுக்கறீங்க?" என்றார். அவள் எழுதச் சொன்னாள். எழுதுகிறவர் பேனாவை எடுத்ததும், "'சொல்லவில்லை'ன்னு எழுதுங்க. 'சொல்லியிருக்க மாட்டேன்'னு எழுதிடாதீங்க" என்றாள். எழுதியதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மருந்து விற்கிற உரிமத்தை ரத்து செய்தார்கள். கடையிலிருந்த சரக்கை இரண்டு ஆட்கள் வந்து பட்டியல் எடுத்துக்கொண்டு போனார்கள். வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. தண்டனையும் கிடைத்தது. அவள் தானாக வந்து சொன்னதால் ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒவ்வொரு மாதமும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று தீர்ப்பானது. கணவர் முதல் பத்து நாள் அவளோடு பேசவில்லை. கோர்ட்டுக்குப் போகிற முதல் நாள் காலையில், கேட்காமலே லீவு போட்டுவிட்டு வாசலில் செருப்போடு நின்றார். "வா, நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான்.

மருந்தக்கா ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த வாரத்திலேயே, மெக்கானிக் வளையம் போட்டு முடித்த அந்த ஆறு டிரம்மையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் தன் வீட்டுக்குப் போனான். மனைவியைப் பார்க்காமல் ஒவ்வொரு மூடியாகப் போட்டு, நெம்பி, இறுக்கிப் பார்த்தான். அவள் சோளத்தை அள்ளி அள்ளி நிரப்பினாள். நாலாவது டிரம் நிரம்பும்போது அவள் கேட்டாள்.

"இந்த வளையம் வெயில்ல விறைச்சுப் போகாதா?"

"நிழல்லதான வைக்கப் போறோம்" என்றான். நாலு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்று அவன் பட்டறைக்குத் திரும்பிப் போனான். மூன்று வாரம் கழித்துக் கட்டிலை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் வெளியே போய் நின்றுகொள்வாள். சில நாள் அவன், "ஸ்டேஷன்ல சொல்லியிருப்பாங்கன்னு நான் ஏன் சொன்னேன்? சொல்லலன்னு நான்தானே சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பிப்பான். "எனக்கும் அன்னிக்குத் தோணல, கதவுல இவ்வளவு பெரிய சந்து இருக்கேன்னு" என்று அவள் சொல்வாள். பிறகு அவள் மெஷினுக்குப் போவாள், அவன் பட்டறைக்குப் போவான்.

ஒன்றரை மாதம் கழித்து முதல் டிரம்மைத் திறந்தபோது மேலே இருந்த வண்டுகள் கால் விறைத்துக் கிடந்தன. ஒரு பிடி மணியைப் பிளந்து பார்த்ததில் உள்ளே இருந்த புழுக்களும் காய்ந்து சருகாகியிருந்தன. தையல்காரி சோளத்தைச் சலித்து, கழுவி, மாவாக்கிக் கொஞ்சம் சமைத்தாள். கொஞ்சத்தை விதைக்கென்று தனியாக வைத்தாள்.

மருந்தக்கா கடையில் இப்போது அலமாரிகள் காலியாக இருந்தன. விதையும் சல்லடையும் தார்ப்பாயும் மூடி இறுகுகிற டிரம்மும் வைத்து விற்றாள். பூச்சி டாக்டரிடம் மாதம் ஒரு தடவை போய்வந்தாள். வயலுக்கு ஆண் அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கிற பொறி, எந்தப் பூச்சியை எந்தப் பூச்சி தின்னும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து, கேட்பவர்களுக்குச் சொன்னாள். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். சிலர் வாசலில் நின்று, "மருந்தில்லாத மருந்தக்கா" என்று கேலி பேசிவிட்டுப் போனார்கள். அவள் அதற்கு முகம் சுளிக்கவில்லை. தையல்காரி அந்தத் தெரு வழியாகப் போனால் எதிர்ச்சாரியில் நடந்தாள்.

அடுத்த அறுவடை முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை தையல்காரி கடைப் படியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க அக்கா."

"நினைக்கல."

"எங்க பின் தெருவுல கொல்லர் வீட்டுல பயறு வச்சிருக்காங்க. வண்டு விழுந்து எங்கேயோ மாத்திரை வாங்கிட்டாங்க, இன்னிக்கு வைக்கப் போறாங்களாம். நான் போய் நின்னு தடுத்துட்டு வந்திருக்கேன். அந்த மனுஷன் நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறார். புள்ளையப் பறிகுடுத்தவ பயத்துல பேசறான்னு சொல்றார். நீங்க வந்து சொல்லுங்க. முழுசா சொல்லுங்க."

மருந்தக்கா கடையைச் சாத்தினாள். கொல்லர் முதலில் கத்தினார். பயறு அவருடையது, வீடு அவருடையது, உங்களுக்கென்ன என்றார். அவள் அவர் பட்டறை வாசலிலேயே நின்று, தான் என்ன விற்றாள், எதைச் சொல்லாமல் விட்டாள், அதனால் யார் போனார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தையல்காரி பக்கத்தில் நின்று, தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கொல்லர் கையிலிருந்த சுத்தியலை உலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு உள்ளே போய், பிரிக்காத டப்பாவைக் கொண்டு வந்து அவர்கள் முன்னால் வைத்தார். அதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டிய இடத்தை மருந்தக்கா சொன்னாள்.

ஆறு மூட்டைப் பயறு. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அன்று நாலு மூட்டையைத்தான் விரித்துச் சலிக்க முடிந்தது. மீதி இரண்டுக்காக இருவரும் மறுநாள் காலை மறுபடியும் வந்தார்கள்.